பெட்ரோல் டேங்கும் கோழித் தீவனமும்: மக்காச்சோளம் வாங்குவோர் கவனத்துக்கு

முட்டைக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். ஒரு முட்டைக்குச் சுமார் 130 கிராம் தீவனம் ஆகும். அதில் 70 கிராம் மக்காச்சோளம் என்று வையுங்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முட்டைக்கு 7 காசு கூடும். நாளைக்கு 45,000 முட்டை எடுக்கும் பண்ணைக்கு அது தினம் 3,150 ரூபாய். நாமக்கல் பக்கம் இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த ஒரு ரூபாயை இப்போது ஏற்றி இறக்குவது மழையும் படைப்புழுவும் மட்டுமல்ல, பெட்ரோலும்தான். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஐந்து லிட்டர் போட்டால் அதில் ஒரு லிட்டர் எத்தனால். அது முழுக்க மக்காச்சோளத்தில் வடித்ததென்றால் 2.6 கிலோ, அதாவது 37 முட்டைக்கான மக்காச்சோளம். வருமானம் உயர்ந்தால் வண்டியும் பெருகும், முட்டை தின்பதும் பெருகும். இரண்டும் ஒரே மூட்டையில் கை வைக்கின்றன.

20 சதவீதக் கலப்புக்கு முதலில் வைத்த இலக்கு 2030. பிறகு அதை 2025-26 என்று முன்னதாக்கினார்கள். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழக அரிசி எத்தனாலுக்கு நிறுத்தப்பட்டது. டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. மிச்சமிருந்தது மக்காச்சோளம். அதில் வடித்த எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு 71.86 ரூபாய் என விலை உயர்த்தியதும் வடிப்பாலைகள் சந்தைக்குள் இறங்கின. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்து வாங்கியது. அமெரிக்காவும் தன் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குத்தான் கொடுக்கிறது. ஆனால் அங்கே விளைச்சல் ஹெக்டேருக்கு 11 டன் அளவில், இங்கே மூன்றரை.

விலை எப்போதும் ஏறியே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் கர்நாடகத்தில் விளைச்சல் குவிந்து, குவிண்டால் 2,400 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கு மிகவும் கீழே போனது. அந்தச் சரிவில் அடிபட்டது விவசாயி.

வடிப்பாலைகள் பெருகியதால் டிடிஜிஎஸ் (சாராயம் வடித்தபின் உலர்த்திய சக்கை) மலிவாகக் கிடைக்கிறது. ஒரு டன் மக்காச்சோளத்துக்குச் சுமார் 300 கிலோ தேறும். புரதம் 26 முதல் 30 சதவீதம். சோயாப் புண்ணாக்கின் விலையைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் வடிப்பில் போவது மாவுச்சத்து மட்டும்தான். மற்ற எல்லாம் மூன்று மடங்கு செறிவோடு சக்கையில் தங்கும், அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு உட்பட. நொதித்தலும் உலர்த்தும் சூடும் அதை அழிப்பதில்லை. 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு) நச்சு உள்ள மக்காச்சோளம் போட்ட ஆலையிலிருந்து 60 பிபிபி சக்கை வரும். தீவனத்தில் அது 8 சதவீதம் என்றால் 4.8 பிபிபி, கூடவே 15 பிபிபி உள்ள மக்காச்சோளம் 50 சதவீதம் என்றால் 7.5. மொத்தம் 12.3. வரம்பு 20 என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், தவிடும் கடலைப் புண்ணாக்கும் தங்கள் பங்கைச் சேர்க்கும்.

நிறமும் முக்கியம். பொன் மஞ்சளாக இருந்தால் சரி. கரும்பழுப்பில் கருகிய வாடை வந்தால் உலர்த்தியில் சூடு மீறியிருக்கிறது. லைசின் என்ற அமினோ அமிலம் கட்டுண்டு கோழிக்குச் செரிக்காது. ஆய்வுச் சீட்டில் புரத எண் அப்படியேதான் நிற்கும், முட்டை எடைதான் குறையும். யூரியா கலந்திருந்தாலும் புரதம் கூடுதலாகவே காட்டும். அதனால் யூரியா சோதனையைத் தனியாகக் கேளுங்கள். தீவனத்தில் டிடிஜிஎஸ்ஸை 3 சதவீதத்தில் தொடங்கி, செரிக்கும் லைசினைச் சரிக்கட்டி மெல்ல ஏற்றுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம்.

மக்காச்சோளம் வாங்கும்போது மோசம் போவது பெரும்பாலும் ஈரத்தில்தான். 18 சதவீத ஈரத்தில் வந்த 1,000 கிலோ, 14க்குக் காய்ந்தால் 953 கிலோதான். கிலோ 24 ரூபாய்க்கு வாங்கியது உண்மையில் 25.17 ரூபாய். காயவைக்காமல் அடுக்கினால் பூஞ்சை தனிக்கணக்கு. லாரியில் மேல் மூட்டையை மட்டும் குத்தூசியால் குத்திப் பார்ப்பது வீண். பூஞ்சை நச்சு ஆங்காங்கே திட்டுத் திட்டாக இருக்கும். அடி மூட்டை உட்படக் குறைந்தது பத்து இடத்தில் எடுத்து, ஒன்றாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி அனுப்புங்கள்.

மாற்றாகக் கம்பு, அரிசிக் குருணை இரண்டும் பழகியவைதான். கம்பு கூடினால் மஞ்சள் கரு வெளுக்கும். குருணை ஆற்றல் தரும், ஆனால் அதில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் குறைவு. ஒரு சதவீதம் எண்ணெய் சேர்க்காவிட்டால் முட்டை சிறுக்கும்.

எப்போது வாங்குவது? கர்நாடக வரத்து அக்டோபர், நவம்பரில். பெரம்பலூர், அரியலூர் மானாவாரி மக்காச்சோளம் ஜனவரி, பிப்ரவரியில். பீகார் மக்காச்சோளம் ஏப்ரல், மே மாதங்களில். எத்தனால் கொள்முதல் ஆண்டு நவம்பரில் தொடங்குகிறது. எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலுக்கு எவ்வளவு ஒதுக்குகின்றன, உணவுக் கழக அரிசி எத்தனாலுக்குத் திறந்திருக்கிறதா, என்ன விலைக்கு என்ற விவரங்களை அதற்கு முன்பே விசாரித்துவிட்டு, பெரம்பலூர் அறுவடைக்கு முன்பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.