மலிவாகக் கிடைக்கிற ரெட்டை இன்ஜின் விமானம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு

போன வாரம் ஒரு விமான இன்ஜினின் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தேன். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், ஜிகினா தூவியது போல மின்னுகிறது. காந்தத்தை அருகே கொண்டுபோனேன். எல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. அலுமினியம் ஒட்டாது, இது எஃகு. அதாவது இன்ஜின் உள்ளே தேய்கிறது. பக்கத்தில் நின்ற தம்பியின் முகம் வாடிவிட்டது.

"அண்ணா, 600 மணி நேரம்தானே ஓடியிருக்கு?"

இந்த வருடத்தில் இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆள் இவர். டெக்சாஸில் சின்ன விமானங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். நம் ஆட்கள் நிறையப் பேர் பைலட் லைசென்ஸ் எடுக்கிறார்கள், சந்தோஷம். அப்புறம் குடும்பத்தோடு பறக்க ரெட்டை இன்ஜின் தேடுகிறார்கள். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பழையதோ நல்ல சொகுசுக் கார் விலைக்கே கிடைக்கிறது. வாங்கிவிடுகிறார்கள்.

தம்பி வாங்கியது 1966ஆம் வருடத்து பைப்பர் ட்வின் கமான்ச்சி. அருமையான விமானம், நானே ரசித்து ஓட்டியிருக்கிறேன். 1972இல் ஆக்னஸ் புயலில் சஸ்குவெஹானா ஆறு பெருகி, பென்சில்வேனியாவில் லாக் ஹேவன் தொழிற்சாலை மூழ்கியது. அதோடு இதன் தயாரிப்பும் நின்றது. ஆக, இருப்பதிலேயே இளையதுக்கு 50 வயது தாண்டிவிட்டது.

எனக்கு எரிச்சல் வருவது அந்த 600 மணி நேரக் கணக்கில்தான். காரில் கிலோமீட்டர் பார்க்கிற கண்ணோடு விமானத்தைப் பார்க்கிறார்கள். குறைவாக ஓடினால் நல்ல இன்ஜினாம்! இந்த லைகமிங் இன்ஜினுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, செய்யச் சொல்கிறது தயாரித்த நிறுவனம். சொந்த உபயோகத்துக்கு அது சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதால், அந்த 12 வருடத்தை யாரும் காதில் வாங்குவதில்லை. லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இருப்பது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே. விமானம் மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் வடிந்து, கேம் காய்ந்து, ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தத் துரு, கேமின் மேல் உரசி வால்வைத் தள்ளும் தாப்பெட்டின் முகத்தை அரித்து எடுக்கும். தாப்பெட்டை மட்டும் கழற்றி மாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இன்ஜினின் வெளிக்கூட்டையே பிளக்க வேண்டும். இந்த இன்ஜின் 22 வருடத்தில் 600 மணி நேரம் ஓடியது. வருடத்துக்கு 27 மணி நேரம். அது ஓடிய இன்ஜின் இல்லை, நின்ற இன்ஜின்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓவர்ஹால் ஒரு இன்ஜினுக்கு 40,000 டாலர் என்று வையுங்கள். 2,000 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 20 டாலர்தான், விற்பவர் காட்டுவது இதைத்தான். நீங்கள் வருடத்துக்கு 60 மணி நேரம் பறப்பீர்கள். 12 வருடத்தில் 720. இப்போது வகுத்துப் பாருங்கள்: ஒரு இன்ஜினுக்குச் சுமார் 56 டாலர், இரண்டுக்கும் 111. மணிக்கு 16 கேலன் குடித்தால், கேலன் 6 டாலர் என்று வைத்தாலும் பெட்ரோல் செலவு 96தான். ப்ரொப்பெல்லர் இரண்டு, லேண்டிங் கியர், பெட்ரோலை எரித்துச் சூடு தரும் ஹீட்டர், ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"ஒன்று நின்றால் இன்னொன்று காப்பாற்றும்" என்பார்கள். பாதி சக்தி போனால் மேலேறும் திறனில் பாதி போகாது, கிட்டத்தட்ட 80 சதவீதம் போய்விடும். ஒரு பக்க இன்ஜின் மட்டும் இழுத்தால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பும்; பயிற்சியை விட்டவருக்கு இரண்டாவது இன்ஜின் ஆபத்து.

இனி வரும் காலம்? சின்ன விமானங்கள் குடிக்கும், ஈயம் கலந்த 100எல்.எல். பெட்ரோலை 2030 முடிவுக்குள் நிறுத்துவதுதான் அமெரிக்காவின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வும் விமானத் துறையும் வைத்திருக்கும் இலக்கு. கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுண்டி 2022 ஜனவரியிலேயே தன் விமான நிலையங்களில் அதை விற்பதை நிறுத்திவிட்டது. மாற்றாக வந்த ஒரு பெட்ரோலால் பெயின்ட் உரிகிறது, டேங்க் ஒழுகுகிறது என்று புகார்கள் வந்தன. பழைய டேங்க் வைத்திருப்பவர்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

அதனால் தயவுசெய்து, அட்வான்ஸ் கொடுக்கும் முன், பறந்த நேரமும் செய்த பழுதுவேலையும் எழுதிவைக்கும் லாக்புக்கை எடுத்து வாருங்கள். விமானம் வேண்டாம், லாக்புக் போதும். ஒவ்வொரு வருடமும் எத்தனை மணி நேரம் பறந்தது என்று எழுதிப் பாருங்கள். விற்பவரின் மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்காதீர்கள். இன்ஜினுக்குள் போரஸ்கோப் என்கிற சின்னக் கேமராவை விட்டுப் பாருங்கள், ஃபில்டரை வெட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள். வாங்கும் விலை போக, அதில் பாதியாவது கையில் இல்லாமல் வாங்காதீர்கள். வருடா வருடம் செய்ய வேண்டிய சோதனைதான் ஆன்யுவல்; வாங்கிவிட்டு என்னிடம் வந்து, "எப்படியாவது ஆன்யுவலுக்குக் கையெழுத்து போட்டுடுங்கண்ணா" என்று மட்டும் கேட்காதீர்கள். போட மாட்டேன்.

தம்பியின் விமானம் இடது இன்ஜினின் மூடி திறந்தபடி இன்னும் என் ஹேங்கரில்தான் நிற்கிறது. இரண்டு இன்ஜினையும் சரிசெய்தால் அவர் கொடுத்த விலையைத் தொட்டுவிடும். நேற்று உதிரி பாகம் வாங்குகிறவர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். கதவுக்கும் வாலுக்கும் மட்டும் விலை கேட்டுவிட்டுப் போனார்.