எர்ப்ஃபைண்ட்: வழிவழிப் பகைவர்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரையில், ஜெர்மானியர் பிரெஞ்சுக்காரரைக் குறிக்கப் பெரிதும் எடுத்தாண்ட சொல் 'எர்ப்ஃபைண்ட்'. 'எர்பெ' என்பது முன்னோர் விட்டுச்சென்ற உடைமை. 'ஃபைண்ட்' என்பது பகைவர். தந்தையின் நிலமும் வீடும் மகனுக்கு வந்து சேர்வதுபோல, தந்தையின் பகைவரும் மகனுக்கு வந்து சேர்கிறார் என்ற கருத்து இச்சொல்லுக்குள் இருக்கிறது.

ஆனால் இது பிரெஞ்சுக்காரருக்காகப் பிறந்த சொல் அன்று. இடைக்கால ஜெர்மன் மொழியில் இது சாத்தானைச் சுட்டியது. ஆதாமின் பாவம் மனித குலம் முழுவதையும் தொடர்கிறது என்பது கிறித்தவக் கொள்கை. அப்பாவத்தை ஜெர்மானியர் 'எர்ப்ஸுண்டெ' என்பர், தமிழ்க் கத்தோலிக்கர் ஜென்மப் பாவம் என்பர். அப்பாவத்துக்குத் தூண்டியவன் என்பதால் சாத்தான் எர்ப்ஃபைண்ட் ஆனான். ஒட்டோமான் படைகள் நடு ஐரோப்பாவை நெருங்கிய பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் இதே பெயர் துருக்கியருக்குச் சென்றது. ஆகவே இச்சொல் பிரெஞ்சுக்காரர்மேல் வந்து விழுந்தபோது, சாத்தானின் சாயலையும் சமயப் பகைவரின் சாயலையும் ஒருங்கே சுமந்து வந்தது. பிற்காலத்து வெறுப்பின் கடுமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

அந்த மாற்றம் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் காலத்தில் நிகழ்ந்தது. 1681இல் அவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரைக் கைப்பற்றினார். 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது, 'மிகக் கிறித்தவ மன்னர்' என்ற பட்டத்தைத் தாங்கிய அவர் உதவிக்கு வரவில்லை. இதைத் தாக்கி மெய்யியலாளர் லைப்னிட்ஸ் அந்நாளிலேயே ஓர் அங்கத நூல் எழுதினார். எல்லாவற்றிலும் ஆழமாகப் பதிந்தது 1689ஆம் ஆண்டின் அழிவு. ரைன் ஆற்றங்கரையிலுள்ள ப்ஃபால்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பகுதியைப் பகைவர் பயன்படுத்த முடியாதபடி பாழாக்கிவிட வேண்டும் என்று பிரெஞ்சு அரசு முடிவு செய்ய, மான்ஹைம், ஷ்பையர், வோர்ம்ஸ் ஆகிய நகரங்கள் தீக்கிரையாயின. ஹைடல்பெர்க் கோட்டை தகர்க்கப்பட்டது. ஷ்பையர் பேராலயத்தில் பேரரசர்களின் கல்லறைகள் சூறையாடப்பட்டன. அவ்வழிவை முன்னின்று நடத்திய தளபதி மெலாக்கின் பெயரை அப்பகுதி மக்கள் பல தலைமுறைகளாகத் தங்கள் நாய்களுக்குச் சூட்டி வந்தார்கள். வீடிழந்த மக்களின் சினம் நியாயமானது என்பதில் ஐயமில்லை. அச்சினத்தை ஓர் இனத்தின் இயல்பு பற்றிய கோட்பாடாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

1806இல் யேனாப் போரில் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசைத் தோற்கடித்த பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன், அதன் தலைநகரான பெர்லினுக்குள் நுழைந்து, பிராண்டன்பூர்க் வாயிலின் மேலிருந்த நாற்குதிரைத் தேர்ச் சிலையைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். அடுத்த ஆண்டு டில்சிட் உடன்படிக்கையால் பிரஷ்யா ஏறத்தாழப் பாதி நிலப்பரப்பை இழந்தது. இந்த அவமானத்திலிருந்துதான் எர்ன்ஸ்ட் மோரிட்ஸ் ஆர்ன்ட் போன்ற எழுத்தாளர்கள் புறப்பட்டார்கள். பிரெஞ்சுக்காரர்மீது கொள்ளும் வெறுப்பு ஒரு போருக்கு மட்டும் உரியதாக இராமல், ஜெர்மன் மக்களின் சமயமாகவே நிலைக்க வேண்டும் என்று ஆர்ன்ட் 1813இல் எழுதினார். பிரெஞ்சுக்காரர் பகட்டானவர், நாவினிமையால் ஏய்ப்பவர், ஒழுக்கம் தளர்ந்தவர்; ஜெர்மானியரோ எளியவர், நேர்மையாளர், ஆழ்ந்தவர் என்ற எதிரெதிர்ச் சித்திரங்கள் இக்காலத்தில்தான் இறுகின. தம்மை இன்னார் என்று வரையறுத்துக்கொள்ள ஜெர்மானிய தேசியவாதிகளுக்கு அப்போது நேர்மாறான ஒருவர் தேவைப்பட்டார். இப்போக்கை எதிர்த்தவர்களும் உண்டு: ஜெர்மானிய எழுத்தாளர் லுட்விக் பெர்னெ 1837இல் தம் எதிராளி ஒருவரைப் 'பிரெஞ்சுக்காரரைத் தின்பவர்' என்று பெயரிட்டே சாடினார்.

'வழிவழி' என்ற உரிமைகோரலை வரலாறு ஏற்பதில்லை. 1552இல் ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் சிற்றரசர்கள் தம் பேரரசருக்கு எதிராகப் பிரெஞ்சு மன்னருடன் கூட்டுச் சேர்ந்தார்கள். 1685இல் பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனாட் என்னும் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களுக்கு ஜெர்மானிய அரசான பிராண்டன்பூர்க் அடைக்கலம் தந்தது. ஏறத்தாழ 20,000 பேர் அங்குக் குடியேறினார்கள். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் தம் நூல்களைப் பெரும்பாலும் பிரெஞ்சிலேயே எழுதினார். ஜெர்மானிய அரசான பவேரியாவின் ஆட்சியாளருக்கு மன்னர் பட்டம் நெப்போலியனின் தயவால் கிடைத்தது. 1813இல் லைப்சிக் போர்க்களத்தில் சாக்சனி என்ற மற்றொரு ஜெர்மானிய அரசின் வீரர்கள் போர் தொடங்கியபோது நெப்போலியன் பக்கமே நின்றார்கள். இவ்வளவையும் மறைத்துவிட்டுத்தான் இச்சொல் இயங்க முடிந்தது.

பிரான்சைப் போரில் வீழ்த்திய நிலையில், 1871 ஜனவரி 18 அன்று பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின், 1919இல் அதே மண்டபத்தில் ஜெர்மனி தோல்வி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 1871க்குப் பின் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரை இதே பொருளுள்ள சொல்லால் அழைக்கலானார்கள். 1963 ஜனவரி 22 அன்று பிரெஞ்சு அதிபர் தெ கோலும் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடனாவரும் நட்புறவு உடன்படிக்கையுடன் வெளியிட்ட கூட்டறிக்கை, பல நூற்றாண்டுப் 'போட்டி' முடிவுக்கு வந்ததாகக் கூறியது. பகை என்றோ பகைவர் என்றோ அது சொல்லவில்லை.

தமிழில் இதற்கு ஈடாகப் பல சொற்கள் முன்வருகின்றன. 'ஜென்ம விரோதி' சாத்தானைக் குறித்த பழைய பொருளுக்குப் பொருந்தும். ஆனால் அது ஒருவரின் பிறவியோடு நிற்பதால் தலைமுறைத் தொடர்ச்சியை உணர்த்துவதில்லை. 'குலப்பகை' ஒரு குடியையோ அரச மரபையோ நினைவூட்டும். இங்கே பேசப்படுவது ஒரு தேசம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'தாயப்பகை' மிக நெருங்கியது. ஆயினும் தாயாதிகளின் சொத்துத் தகராறு என்றே அது படிக்கப்படும். 'ஏழ்படிகால் தொடங்கி வந்து வழிவழி ஆட்செய்கின்றோம்' என்று பெரியாழ்வார் பாடும் 'வழிவழி'யில் தந்தைக்குத் தந்தை என்று பின்னோக்கிச் செல்லும் உரிமைத் தொடர் தெளிவாக இருப்பதால், 'வழிவழிப் பகைவர்' என்பதே தக்க ஈடு. வரலாற்று நூல்களில் இதனை எழுதும்போது மேற்கோள் குறிக்குள் இடுவது நல்லது. இல்லையெனில் ஆர்ன்ட் முதலியோரின் கூற்று, எழுதுபவரின் சொந்தக் கூற்றாக நின்றுவிடும்.