பழைய இன்ஜினுக்குக் கூடுதல் காற்று: பெல்ட்டா, புகையா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா வாங்கிய அம்பாசிடர் இன்னும் நன்றாக ஓடுகிறது. பெட்ரோல் வண்டி. ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனால் இரண்டாவது கியரை விட்டு மேலே வரமாட்டேன் என்கிறது. சூப்பர்சார்ஜர் வைக்கலாமா, டர்போ வைக்கலாமா?" இரண்டு மெக்கானிக்குகளிடம் விசாரித்தாராம். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் டீசல் இன்ஜின் மாட்டச் சொன்னார்.

கேள்வி சிரிப்பதற்கில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது சுலபம், காற்றைக் கூடுதலாக நுழைப்பதுதான் கஷ்டம். பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தால் உள்ளே வருகிறது, அவ்வளவுதான். கொடைக்கானல் உயரத்தில் அந்த அழுத்தமே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 1918இல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், லிபர்ட்டி என்ற விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் உச்சியில் 230தான் தந்தது. டர்போவைப் பொருத்தியதும் 356.

ஆக, இரண்டு கருவிகளுக்கும் வேலை ஒன்றே: காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. அந்த வேலைக்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. சூப்பர்சார்ஜர், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கிலிருந்து பெல்ட் போட்டு எடுத்துக்கொள்கிறது. டர்போ சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

சூப்பர்சார்ஜரில் பல வகை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ரூட்ஸ் வகை. காரணம், காற்றை அமுக்குவதற்காக வைக்கும் அந்தப் பெட்டிக்குள் காற்று அமுக்கப்படுவதே இல்லை!

ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற அண்ணன் தம்பி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊர்க்காரர்கள். 1860இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். காருக்காக இல்லை, அப்போது காரே கிடையாது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதத்தான் அது முதலில் பெயர் வாங்கியது. நீள்வட்டக் கூடு ஒன்று. அதற்குள் 8 என்ற எண்ணின் வடிவத்தில் இரண்டு உருளிகள், எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்றோடொன்று உரசாது, கூட்டின் சுவரையும் தொடாது. வெளியே இருக்கும் பல்சக்கரங்கள் அந்த இடைவெளியைக் காப்பாற்றும்.

பார்ப்பவர்கள், காற்று நடுவில் போய் இரண்டு உருளிகளுக்கும் இடையில் நசுங்குகிறது என்றே நினைப்பார்கள். நேர் எதிர். காற்று வெளிச்சுவர் ஓரமாகப் போகிறது. உருளியின் குழிவுக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே ஒரு பொட்டலம் மாதிரி மாட்டிக்கொண்டு, உள்ளே வந்த அதே அழுத்தத்தில் மறுபக்கம் போய்ச் சேருகிறது. நடுவில் இரண்டு உருளிகளும் கிட்டத்தட்ட ஒட்டியபடி சுற்றுவது, போன காற்று திரும்பி வராமல் தடுக்க மட்டுமே.

அப்படியானால் அழுத்தம் எங்கே பிறக்கிறது? சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயான மேனிஃபோல்டில். இன்ஜின் ஒரு சுற்றில் குடிக்கும் காற்றைவிட அதிகமான காற்றை இந்தப் பெட்டி கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால் அங்கே நெரிசல் உண்டாகிறது. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏற வருபவர்கள் சாவகாசமாகத்தான் நிற்கிறார்கள், நெரிசல் உள்ளே இருக்கிறது. படியில் இடம் தெரிந்ததுமே உள்ளே நசுங்கிக் கிடந்தவர்கள் புதிதாய் ஏறுபவர்கள் மேல் பின்னோக்கிச் சரிவார்கள். ரூட்ஸிலும் இதேதான் நடக்கிறது. பொட்டலத்தின் வாய் மேனிஃபோல்டு பக்கம் திறந்த கணத்தில், அங்கே ஏற்கெனவே அமுங்கியிருந்த காற்று பின்னோக்கிப் பாய்ந்து, புதிதாய் வந்த காற்றை ஒரே அடியாய் அமுக்குகிறது. அதன்பிறகு உருளி மொத்தக் கும்பலையும் எதிர்த்து முன்னால் தள்ளுகிறது. சூப்பர்சார்ஜரின் அந்தப் பிரசித்தமான ஊளைச் சத்தத்தில் பெரும்பங்கு இந்தப் பின்பாய்ச்சலிலிருந்து வருகிறது. ஈட்டன் நிறுவனம் உருளிகளை முறுக்கிச் செய்ததும் இதற்காகத்தான். வாய் பட்டென்று திறக்காமல் படிப்படியாகத் திறந்தால் பாய்ச்சல் தணியும்.

இதற்கு ஒரு விலை உண்டு. படிப்படியாக அமுக்குவதைவிட ஒரேயடியாக அமுக்கினால் அதிக வேலை ஆகும், அந்த அதிகம் முழுவதும் சூடாக மாறும். ஒரு துளிக் கசிவும் இல்லாத கற்பனை ரூட்ஸிலேயே அழுத்தம் ஒன்றரை மடங்கானால் திறன் 86 சதவீதம், இரண்டு மடங்கானால் 77. நிஜ வாழ்க்கையில் இடுக்குகளில் கசிவதால் இன்னும் குறையும். கொஞ்சமாக அமுக்கினால் நல்ல பிள்ளை, ஆசைப்பட்டு அமுக்கினால் ஹீட்டர்.

உள்ளே அமுக்காத பெட்டி என்பதால், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைப் புல்லியின், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தின், அளவை வைத்தே தீர்மானிக்கலாம். அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நாலு சிலிண்டரையும் நிரப்புகிறது, எனவே ஒரு சுற்றுக்கு 745 சிசி. 2002இல் வந்த மினி கூப்பர் எஸ் காரில் இருந்த ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்குத் தள்ளுவது சுமார் 740 சிசி. இரண்டும் ஏறக்குறைய சமம்! கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது அதுவும் ஒரு சுற்றுச் சுற்றினால் அழுத்தம் ஏறவே ஏறாது. ஒன்றரைச் சுற்று சுற்ற வைத்தால் வெளிக்காற்றைவிட அரை பார் அளவுக்குக் கூடுதல் கிடைக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றின் அழுத்தம்).

சரி, வெளியே 35 டிகிரி என்று வைத்து ஒரு கணக்குப் போடுவோம். அரை பார் ஏற்றியதும், 60 சதவீதத் திறனுள்ள ரூட்ஸிலிருந்து காற்று 98 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரியும் என்பதால் ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றியும் எடைக்கணக்கில் கிடைப்பது கால் பங்குதான் கூடுதல். 4,000 ஆர்பிஎம்மில் இந்த வேலைக்குப் பெல்ட் இழுத்துக்கொள்வது கிட்டத்தட்ட 4 கிலோவாட், அதாவது ஐந்து குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல். 50 குதிரைத்திறன் சொச்சம் உள்ள வண்டியில் இது சின்னச் செலவில்லை.

டர்போ இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. அந்தப் புகையின் பாதையில் ஒரு டர்பைன் சக்கரம், அதே தண்டின் மறுமுனையில் கம்ப்ரசர் சக்கரம். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார், 1925இல் ஜெர்மன் பயணிக் கப்பல்களின் டீசல் இன்ஜின்களை 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்கு உயர்த்திக் காட்டினார். முழுக்க இலவசம் என்று சொல்வார்கள், அது சரியில்லை. புகை வெளியேறும் வழியை டர்பைன் அடைப்பதால் பிஸ்டன் கொஞ்சம் தம் பிடித்துத்தான் தள்ள வேண்டும். ஆனாலும் பெல்ட்டைவிட லாபம். கம்ப்ரசரின் திறன் 75 சதவீதம் என்றால் காற்று 85 டிகிரியில் வரும். நடுவில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்து 50க்கு இறக்கினால் எடையில் 43 சதவீதம் கூடுதல்.

அப்புறம் ஏன் எல்லாப் பழைய வண்டிக்கும் டர்போ என்று சொல்லிவிடக் கூடாது? ஏனென்றால் டர்போவின் கணக்கில் இன்ஜினும் ஒரு உறுப்பு. காற்று கூடினால் புகை கூடும், புகை கூடினால் சக்கரம் வேகமாகும், காற்று இன்னும் கூடும். வேஸ்ட்கேட் என்ற வால்வு குறுக்கே வந்து நிறுத்தாவிட்டால் இது இன்ஜின் உடைகிறவரை போகும். கீழ் வேகத்திலோ புகையே போதாது, மிதித்த பிறகு காத்திருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் 1,500 ஆர்பிஎம்மில் வண்டி ஏங்கும்போது வேண்டியது உடனடி இழுவை.

அம்பாசிடரின் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி பி-சீரீஸ் குடும்பம். 1955இல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் அடிப்படையில் இதே 1,489 சிசி இன்ஜின்தான். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் ஜட்ஸன், இங்கிலாந்தின் ஷோராக் நிறுவனங்கள் அதற்குப் பெல்ட் சூப்பர்சார்ஜர் கிட் விற்றன. ஆக, மெக்கானிக் சிரித்த காரியத்தைப் பலர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். பி-சீரீஸின் தம்பியான ஏ-சீரீஸுக்கு 1982இல் தொழிற்சாலையே டர்போ மாட்டியது. எம்ஜி மெட்ரோ டர்போ, 1,275 சிசி, 72 குதிரைத்திறன் 93 ஆனது. ஆனால் அதற்காக உள்ளே சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வுகள் போட்டார்கள், கியர்பாக்ஸ் தாங்காது என்பதால் கீழ் வேகத்தில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினார்கள். பழைய இன்ஜினில் டர்போ என்றால் இத்தனை வேலை.

காரைக்குடி வண்டியில் என்னென்ன இடிக்கும் என்று பார்ப்போம். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களின் புகை ஒரே வாசலில் வெளியேறுகிறது. ஹெட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அது, வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விடுவதும் அங்கேதான். அதன் வாசலில் 900 டிகிரியைத் தொடக்கூடிய டர்பைனைத் தொங்கவிட எனக்கு மனசு வராது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், மிதப்பது ஆயில் படலத்தின் மேல். தேய்ந்த இன்ஜினில் சூடான பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் எவ்வளவு இறங்கும் என்று அம்பாசிடர்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிராங்கின் பின்பக்க ஆயில் தடுப்பு ரப்பர் சீல் இல்லை, ஆயிலைத் திருப்பி அனுப்பும் வெறும் மரைதான். எந்த வகையில் காற்றை ஏற்றினாலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்கும், இப்போது சொட்டும் ஆயில் ஒழுக ஆரம்பிக்கும்.

காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் விஷயத்திலும் சூப்பர்சார்ஜருக்கே சௌகரியம். கார்புரேட்டரை முன்னால் வைத்துக் கலவையையே உறிஞ்சவிடலாம். பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும், அந்த 98 டிகிரி நன்றாகவே இறங்கும். இன்டர்கூலர் தேவையில்லை, வைக்கவும் கூடாது, பெட்ரோல் அதில் தேங்கும்.

நாக்கிங், அதாவது சூட்டிலும் அழுத்தத்திலும் கலவை தானாகவே வெடிப்பது, அந்தப் பயம் இரண்டிலும் உண்டு. 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் டர்போ வைத்த அமெரிக்கர்கள், அதைச் சமாளிக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்தார்கள். வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், பெயர் கெட்டது. அம்பாசிடரின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) குறைவு என்பது இங்கே வரம்.

என் தீர்ப்பு: சின்ன சூப்பர்சார்ஜர், 0.3 பாருக்கு மேல் போகாத புல்லி, ஸ்பார்க்கை நேரம் பார்த்துப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு. கொடைக்கானல் தின்ற காற்றை அது திருப்பித் தந்துவிடும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் மூன்றே மெயின் பேரிங்கில் (தண்டைத் தாங்கும் இடங்களில்) நிற்கும் கிராங்க் பதில் சொல்லும்.

இதைத் தேடப் போனால் இணையத்தில் "எலெக்ட்ரிக் டர்போ" என்று ஏர் ஃபில்டர் குழாயில் செருகும் ஒரு ஃபேன் கண்ணில் படும். மேலே பார்த்த 4 கிலோவாட்டை 12 வோல்ட்டில் கேட்டால் 330 ஆம்பியர் ஆகிறது. அந்த ஃபேனின் ஒயரைப் பாருங்கள், போதும். டயரில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குபவர்களைக் கிண்டல் செய்யும் படித்த நண்பர்களே பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டிக்கொண்டு மைலேஜ் கூடியதாகச் சொல்கிறார்கள். எலுமிச்சம்பழமாவது மலிவு. சென்னைக்குத் தெற்கே பையனூரில் டர்போ எனர்ஜி நிறுவனம் நிஜ டர்போக்களைத் தயாரிக்கிறது. நம் பொறியியல் கல்லூரிகளில் பாதிக்கு ஒரு டர்போவை அறுத்து மேசைமேல் வைத்துக் காட்டும் செலவுகூட ஆடம்பரமாகத் தெரிகிறது, நுழைவாயில் வளைவுக்கு மட்டும் காசு வந்துவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை உறுதி செய்திருக்கிறது. அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால் நாலு சிலிண்டரும் அழுத்தத்தைக் கசியாமல் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட ரொம்பக் கீழே இருந்தால், ஏறாத வண்டிக்குக் காரணம் காற்று இல்லை, ரீபோரும் (சிலிண்டரைக் கடைந்து புதுப்பிப்பதும்) வால்வு வேலையும் செய்தாலே பழைய இழுவை வந்துவிடும். நாலும் சமமாக இருந்தால் கிராங்க் புல்லியின் விட்டத்தை அளந்து எழுதுங்கள், சூப்பர்சார்ஜரின் மேல் புல்லிக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.