ஸ்டீராய்டு மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்

போன வாரம் ராத்திரி டியூட்டில ஒரு அம்மாவ வீல்சேர்ல வெச்சு கூட்டிட்டு வந்தாங்க. 62 வயசு. மூணு நாளா வாந்தி, வயித்து வலி, எழுந்து நின்னா கண்ண இருட்டிட்டு வருது, அன்னிக்கு காலையில இருந்து கூப்பிட்டா சரியா பதில் இல்ல. அதுக்கு முன்னாடியே ரெண்டு இடத்துல காட்டியிருக்காங்க. ஒரு இடத்துல கேஸ்ட்ரிக்னு சொல்லி ஊசி, இன்னொரு இடத்துல உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னு ரெண்டு பாட்டில் டிரிப்ஸ். டிரிப்ஸ் ஏறற வரைக்கும் கொஞ்சம் தெம்பா இருந்திருக்காங்க, வீட்டுக்குப் போனதும் மறுபடி அதே நிலைமை. நான் பாக்கும்போது பிபி 80/50, சுகர் 56, கொஞ்ச நேரத்துல வந்த ரிப்போர்ட்ல சோடியம் 121, மூணுமே ரொம்பக் குறைவு.

பிபி பாக்க கைய தூக்கினப்பதான் அந்தத் தோல கவனிச்சேன். முந்தின இடத்துல ஊசி போட்டு ஒட்டின பிளாஸ்திரிய பிரிச்சிருக்காங்க, அதோட தோலும் உரிஞ்சு வந்திருக்கு. முழங்கை வரைக்கும் அங்கங்க ஊதா கலர்ல ரத்தம் கட்டின திட்டு. முகம் உருண்டையா உப்பியிருக்கு, கை கால் மட்டும் குச்சி மாதிரி. பொண்ணுகிட்ட, "அம்மா ரொம்ப நாளா ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாங்களாம்மா?"ன்னு கேட்டேன்.

"மூட்டு வாதத்துக்கு ரெண்டு வருஷமா சாப்பிட்டாங்க டாக்டர், இப்ப இல்ல. பத்து நாள் முன்னாடி நான்தான் நிறுத்தச் சொல்லி, மிச்சம் இருந்த அட்டையையும் குப்பையில போட்டேன். எலும்ப அரிச்சிடும்னு எல்லாரும் சொன்னாங்க."

அம்மாவ காப்பாத்தணும்னுதான் அந்தப் பொண்ணு அத பண்ணியிருக்கு, அதனால அது மேல எனக்கு கோவம் வரல. ரெண்டு வருஷம், ஒவ்வொரு மாசமும் அந்த மாத்திரைய எழுதிக் கொடுத்திருக்கோம், கவுண்டர்ல எடுத்துக் கொடுத்திருக்கோம், இத்தனை கை மாறியும் ஒருத்தர் கூட "இத நீங்களா நிறுத்தக் கூடாதும்மா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, அதுக்குத்தான் கோவம். இதே மாதிரி கேஸ் பாத்துப் பாத்து சலிச்சுப்போய்தான் இத எழுத உக்காந்திருக்கேன்.

கார்டிசால்ங்கற ஹார்மோன் அளவ பாக்கறதுக்கு ரத்தம் எடுத்து வெச்சுட்டு, ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம ஹைட்ரோகார்டிசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி 100 மில்லிகிராம் நரம்புல போட்டோம், குளுக்கோஸ் கொடுத்தோம், சலைன் வேகமா ஓடவிட்டோம், அடுத்த 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம் டிரிப்லயே. விடியக்காலம் பிபி 110. காலையில ரவுண்ட்ஸ் போனப்ப அந்தம்மா தலையணைக்கு அடியில கைய விட்டு துழாவிட்டு, "என் கண்ணாடிய எங்கடி வெச்ச"ன்னு பொண்ண அதட்டிட்டு இருந்தாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். "ஸ்டீராய்டு கெட்டது, எவ்ளோ சீக்கிரம் நிறுத்தறமோ அவ்ளோ நல்லது." இந்த ஒரு நம்பிக்கைதான் இத்தனை பேர ஐசியு வரைக்கும் கொண்டு வருது. முதல் பாதில உண்மை இருக்கு, நான் மறுக்கல. ரொம்ப நாள் சாப்பிட்டா எலும்பு தேயும், சுகர் ஏறும், கண்ணுல புரை வரும், கிருமி சுலபமா தாக்கும். ஆனா ரெண்டாவது பாதிதான் ஆள கொல்லும். நம்ம உடம்பே தினமும் கார்டிசால்னு ஒரு ஸ்டீராய்ட சுரக்குது, அது இல்லாம பிபி நிக்காது, சுகர் நிக்காது, ஒரு சாதாரண காய்ச்சலக்கூட உடம்பால தாங்க முடியாது. வெளியில இருந்து மாத்திரையா வாரக்கணக்குல, மாசக்கணக்குல உள்ள போய்ட்டே இருந்தா, மூளையில இருக்கற பிட்யூட்டரி "இங்கதான் நிறைய இருக்கே"ன்னு, கார்டிசால சுரக்கற அட்ரினல் சுரப்பிக்கு (கிட்னிக்கு மேல இருக்கறது) உத்தரவு போடறத நிறுத்திடும். வேலை இல்லாத அட்ரினல் சுருங்கிடும். நீங்க ஒரு நாள் காலையில மாத்திரைய நிறுத்தினா அது அன்னிக்கு மத்தியானமே முழிச்சிக்காது. சில பேருக்கு அது பழையபடி வேலை செய்ய மாசக்கணக்கு ஆகும், ஒரு வருஷத்துக்கு மேலகூட ஆகலாம். அந்த இடைவெளியிலதான் ஆபத்து. அதனால "ரெண்டு வருஷமா சாப்பிடறாங்க, இப்பவாவது நிறுத்துங்க"ன்னு சொல்றவங்க தயவு செஞ்சு ஒன்ன புரிஞ்சுக்கங்க, ரெண்டு வருஷமா சாப்பிடறதாலதான் சட்டுன்னு நிறுத்த முடியாது. நாள் கூடக் கூட நிறுத்தறதுக்கும் அவ்ளோ நிதானம் வேணும்.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1948ல பிலிப் ஹென்ச்னு ஒரு அமெரிக்க டாக்டர் முதல் தடவையா கார்டிசோன்ங்கற ஸ்டீராய்ட மூட்டு வாத நோயாளிக்கு போட்டாரு, படுக்கையில கிடந்தவங்க சில நாள்ல எழுந்து நடந்தாங்க, 1950ல நோபல் பரிசும் கிடைச்சது. அதுக்கப்புறம் ரெண்டே வருஷம், 1952லயே, கார்டிசோன் சாப்பிட்டுட்டு இருந்த ஒரு மூட்டு வாத நோயாளி இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சதும் பிபி விழுந்து இறந்துபோயி, பரிசோதனையில அட்ரினல் சுருங்கிக் கிடந்ததுன்னு மருத்துவ இதழ்ல எழுதிட்டாங்க. எழுபது வருஷத்துக்கு மேல தெரிஞ்ச விஷயத்துக்கு இன்னும் ஆள் போய்ட்டு இருக்குன்னா மனசு ஆறமாட்டேங்குது.

கூட வேலை பாக்கற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கொஞ்சம் தனியா சொல்லணும். இந்த நோயாளிங்க பாக்கறதுக்கு ஸ்டீராய்டு அதிகமான ஆள் மாதிரி இருப்பாங்க, உப்பின முகம், கழுத்துக்குப் பின்னாடி கொழுப்பு, வயித்துல செவப்பு வரி. "இவங்களுக்கு ஸ்டீராய்டு ஏற்கனவே ஜாஸ்தி, இதுல நம்ம வேற கொடுக்கணுமா"ன்னு கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் தப்பு. அந்த முகம் போன மாசம் வரைக்கும் சாப்பிட்ட மாத்திரையோட அடையாளம், இன்னிக்கு ரத்தத்துல கார்டிசால் எவ்ளோ இருக்குன்னு அது சொல்லாது.

அப்புறம், "பொட்டாசியம் நார்மலா இருக்கே, அப்ப அட்ரினல் கோளாறு இல்ல"ன்னு ஒரு வாதம் கேக்கறேன். அடிசன் நோய்ல அட்ரினல் சுரப்பியே அழிஞ்சிருக்கும், அது சுரக்கற, உப்பையும் பொட்டாசியத்தையும் கட்டுப்படுத்தற ஆல்டோஸ்டிரோனும் போயிருக்கும், அதனால பொட்டாசியம் ஏறும், தோல் கறுக்கும். மாத்திரைய நிறுத்தினதால வந்த அட்ரினல் கோளாறுல ஆல்டோஸ்டிரோன் ஒழுங்கா சுரந்துட்டுத்தான் இருக்கும், பொட்டாசியம் நார்மலாவே இருக்கும், தோலும் கறுக்காது. புத்தகத்துல படிச்ச அடிசன் படத்த தேடினா இந்த நோயாளி கண்ணுல படவே மாட்டாங்க. சோடியம் குறைஞ்சிருக்குன்னு தண்ணிய குறைக்கச் சொல்லி வார்டுல வெச்சிருந்த ஒரு பெரியவர ஒரு தடவ பாத்திருக்கேன், நாலு நாளா யாருமே ஸ்டீராய்டு பத்தி கேக்கல. சோடியம் குறைஞ்சதுக்கு எஸ்ஐஏடிஎச்னு (உடம்பு தண்ணிய அளவுக்கு மேல பிடிச்சு வெச்சுக்கற கோளாறு) எழுதறதுக்கு முன்னாடி கார்டிசால் பாக்கணும், அது விதி. இன்னொன்னு, ஹைட்ரோகார்டிசோன் போட்டதும் சிறுநீர் நிறைய போக ஆரம்பிச்சு சோடியம் சரசரன்னு ஏறும், அடிக்கடி பாத்துட்டே இருங்க, ஒரு நாளைக்கு 8, மிஞ்சிப்போனா 10க்கு மேல ஏறவிடாதீங்க, மூளைக்கு ஆபத்து.

வாந்தி, வயித்து வலி, குறைஞ்ச பிபி, குறைஞ்ச சுகர், குறைஞ்ச சோடியம் இதுல ரெண்டு மூணு ஒன்னா தெரிஞ்சா, டிரிப்ஸ் ஓடியும் பிபி நிக்கலன்னா, ஸ்டீராய்டு கேள்விய கேட்டே ஆகணும். கேட்டா மட்டும் போதாது, எப்படி கேக்கறோம்ங்கறது முக்கியம். "ஸ்டீராய்டு சாப்பிடறீங்களா"ன்னா பாதி பேர் இல்லன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அவங்களுக்கு அது "வலி மாத்திரை", "அலர்ஜி மாத்திரை", "இளைப்பு மாத்திரை". பேர் தெரியாத பொட்டலத்துல வர்ற வலி மருந்துல டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு கலந்திருக்கறத எத்தனையோ தடவ பாத்தாச்சு. மாத்திரை பைய கொண்டுவரச் சொல்லி கொட்டிப் பாருங்க. சமீபத்துல எத நிறுத்தினீங்கன்னு தனியா கேளுங்க, பத்து நாள் முன்னாடி நிறுத்தினத அந்தப் பொண்ணு சொன்னதாலதான் அன்னிக்கு ராத்திரி எனக்கு பதில் கிடைச்சது. மாத்திரையோட நிறுத்தாம முட்டியில திரும்பத் திரும்ப போட்ட ஊசி, அதிக டோஸ் இன்ஹேலர், கலர் ஆகணும்னு முகத்துலயும் உடம்புலயும் மாசக்கணக்குல தடவின வீரியமான க்ரீம், எல்லாத்தையும் கேளுங்க. மாத்திரைய நிறுத்தாமயே கூட இது வரும்: டிபிக்கு ரிஃபாம்பிசின் ஆரம்பிச்சாலோ வலிப்புக்கு ஃபெனிட்டாயின் ஆரம்பிச்சாலோ ஸ்டீராய்டு உடம்புல சீக்கிரம் கரைஞ்சிடும், அதே டோஸ் பத்தாம போயிடும்.

சந்தேகம் வந்தா ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் போடுங்க. ரிப்போர்ட் நாளைக்கு வரட்டும். ஒரு டோஸ் தேவையில்லாம போட்டதால யாரும் இறந்ததா நான் பாத்ததில்ல, போடாம விட்டதால இறந்தவங்கள பாத்திருக்கேன்.

இப்ப நோயாளிங்களுக்கும் வீட்ல இருக்கறவங்களுக்கும். முதல்ல ஒரு ஆறுதல், இளைப்புக்கோ அலர்ஜிக்கோ அஞ்சு நாள், ஒரு வாரம்னு டாக்டர் எழுதிக் கொடுத்து முடிச்சவங்க இத படிச்சு பயப்பட வேணாம், மூணு நாலு வாரத்துக்கு குறைவா சாப்பிட்டா பொதுவா அப்படியே நிறுத்தலாம், வருஷத்துல பல தடவ அந்த மாதிரி சாப்பிடறவங்க மட்டும் டாக்டர்கிட்ட சொல்லி வையுங்க. அதுக்கு மேல போனவங்க யாரா இருந்தாலும், எவ்ளோ சின்ன டோஸா இருந்தாலும், தானா நிறுத்தாதீங்க. மாத்திரை தீர்ந்துபோச்சு, ஊருக்குப் போயிட்டேன், கடை லீவு, இதெல்லாம் காரணமே இல்ல, ஒரு வாரத்துக்கு மாத்திரை எப்பவும் கையில மிச்சம் இருக்கணும். வேற டாக்டர பாத்தா, பல்லு புடுங்கப் போனா, ஆபரேஷன்னா முதல் வார்த்தையே "நான் ஸ்டீராய்டு சாப்பிடறேன்"னு இருக்கட்டும். பர்ஸ்ல ஒரு சின்ன அட்டை வையுங்க, மாத்திரை பேரு, டோஸ், எத்தனை நாளா, அவ்ளோதான், மயக்கமா கொண்டு வந்தா உங்களுக்காக பேசப்போறது அந்த அட்டைதான்.

காய்ச்சல் வந்தா உடம்புக்கு கார்டிசால் கூட வேணும். ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடறவங்களுக்கு பொதுவா ரெண்டு மடங்கு, காய்ச்சல் இருக்கற வரைக்கும். ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்க எவ்ளோ கூட்டணும்ங்கறது இப்ப சாப்பிடற டோஸ பொறுத்தது, அத காய்ச்சல் வந்தப்புறம் தேடாதீங்க, நல்லா இருக்கறப்பவே டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வெச்சுக்கங்க. மாத்திரை போட்டு அரை மணிக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொன்னு போடுங்க. அதுவும் தங்கலன்னா காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி, ஊசியாத்தான் போட்டாகணும்.

குறைக்க முடியாதான்னு கேப்பீங்க. தாராளமா முடியும், குறைக்கணும்னுதான் நாங்களும் விரும்பறோம். ப்ரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் வரைக்கும் ஓரளவு வேகமா இறக்கலாம், எந்த நோய்க்காக சாப்பிடறீங்களோ அது அடங்கி இருந்தா. அதுக்குக் கீழதான் மெதுவா, கிட்டத்தட்ட அந்த 5 மில்லிகிராம்தான் உடம்பு தானா ஒரு நாளைக்கு சுரக்கற அளவு, அதுக்குக் கீழ போறப்பதான் சுரப்பிய முழிக்க வைக்கறோம். குறைக்கறப்ப உடம்பு அசதி, மூட்டு வலி, எரிச்சல் வரும், அத சொல்லுங்க, ஒரு படி ஏத்தி இன்னும் நிதானமா இறக்கலாம். சொல்லாம தாங்கிட்டு இருந்தாலும் தப்பு, பயந்துபோய் பழைய டோஸுக்கே நீங்களா போனாலும் தப்பு.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்தப் பொண்ணு ரொம்பத் தயங்கி, "அப்ப அம்மாவுக்கு இத எப்பத்தான் நிறுத்தறது டாக்டர்?"னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி. படிப்படியா குறைக்கற மாதிரி ஒரு அட்டவணை போட்டு கொடுத்திருக்கேன், 5க்கு வந்ததும் ஒரு நாள் காலை 8 மணிக்கு வெறும் கார்டிசால் டெஸ்ட். முந்தின நாள் காலை மாத்திரைக்கு அப்புறம் வேற எதுவும் போடாம வரணும், அன்னிக்கு மாத்திரைய ரத்தம் கொடுத்து முடிச்ச கையோட அங்கயே சாப்பிட்டுடணும், அத மறக்கக் கூடாதுன்னு சீட்டுல சிவப்பு பேனாவால வட்டம் போட்டுக் கொடுத்தேன். பொண்ணு அத போட்டோ எடுத்து வெச்சுக்கிச்சு, அம்மா சீட்ட வாங்கி கண்ணாடி கூட்டுக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டாங்க.