முன்னணியா, முன்னறிகுறியா?

‘அமெரிக்காவின் முன்னணிக் குறியீடான உற்பத்தித் துறை வேலை நேரம் சரிந்தது.’ இந்த வாக்கியத்தை, அல்லது இதன் உடன்பிறப்பை, இந்த வருடத்தில் நாலாவது முறையாக வாசித்துவிட்டேன். அதில் இரண்டு தப்பு இருக்கிறது.

சின்னதை முதலில் முடித்துவிடலாம். ‘வேலை நேரம்’ என்றால் நமக்கு ரேஷன் கடைப் பலகைதான் ஞாபகம் வரும்: காலை 9 முதல் 1 வரை. இங்கே பேச்சு எத்தனை மணி நேரம் என்பது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் மாதாமாதம் நிறுவனங்களிடம் கணக்குக் கேட்கிறது: 12ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்தில் எத்தனை மணி நேரத்துக்குக் கூலி கொடுத்தீர்கள்? சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் இதில் சேரும் என்பதால் ‘உழைத்த மணி நேரம்’ என்பதும் பொருந்தாது. ‘ஆலைத் தொழிலாளரின் வாரச் சராசரி மணி நேரம்’ போதும். ‘சராசரி’ பாரசீகத்திலிருந்து வந்ததாயிற்றே என்பார் ஒருவர். வந்தது வந்துவிட்டது, இருக்கட்டும். வாரத்துக்குப் பதில் ‘கிழமை’ போடச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘வாற கிழமை’ என்றுதானே சொல்கிறார்கள்.

என் சண்டை ‘முன்னணி’யோடுதான். முன்னணி என்பது படையின் முன்வரிசை. அதிலிருந்து முன்னணி நடிகர், முன்னணி நிறுவனம் என்று வந்தது. அப்படியானால் ‘முன்னணிக் குறியீடு’? எல்லாக் குறியீடுகளிலும் பெரியது, பேர் பெற்றது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘லீடிங் இண்டிகேட்டர்’ (leading indicator) என்று சொல்ல வந்ததோ, பொருளாதாரம் ஏற்றத்துக்கோ இறக்கத்துக்கோ திரும்புவதற்கு முன்பே திரும்புவது என்பது. முன்னணியில் இருப்பதும் முந்திக்கொண்டு சொல்வதும் வேறு வேறு.

ஏன் முந்திக்கொள்கிறது? ஒரு பட்டறையைப் பாருங்கள். ஆளுக்கு வாரம் 44 மணி நேரம் ஓடுகிறது. 40க்கு மேல் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் அமெரிக்கச் சட்டப்படி ஒன்றரை மடங்கு கூலி. ஆர்டர் இளைத்ததும் முதலாளி யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பழகிய கையை விட்டால் திரும்பக் கிடைக்காது. முதலில் ஓவர்டைமை வெட்டுவார்: 4 மணி நேரத்தை வெட்டினால் 6 மணி நேரக் கூலி மிச்சம். ஆர்டர் திரும்பினாலும் அப்படித்தான், முதலில் மணி கூடும், அப்புறம்தான் புது ஆள். மேலாளர் சம்பளத்தில் இந்த அசைவு தெரியாது. அதனால்தான் நேரடி உற்பத்தித் தொழிலாளர் கணக்கைத் தனியாக எடுக்கிறார்கள். கான்ஃபரன்ஸ் போர்டு என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு வெளியிடும் இந்த வகைப் பட்டியலில் உள்ள பத்து உறுப்புகளில் இதுவும் ஒன்று.

மழைக்கு முன் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும் எறும்பை ‘முன்னணி எறும்பு’ என்போமா? அது மழைக்கு அறிகுறி. காய்ச்சலுக்கு அறிகுறி என்று பாட்டியும் சொல்வாள், டாக்டரும் சொல்வார். முன்பே தோன்றும் அறிகுறி ‘முன்னறிகுறி’. ‘குறியீடு’ வேறு இங்கே எதற்கு? அது அடையாளச் சின்னம், சங்கேதம். எண்ணாகக் கோத்தால் குறியீட்டெண், சுட்டிக்காட்டினால் குறிகாட்டி. ‘முன்னறி குறிகாட்டி’ என்று இன்னொருவர் எழுதுகிறார். தப்பில்லை, ஆனால் வாய் வலிக்கிறது.

கொடுமை இதோடு நிற்கவில்லை. பொருளாதாரம் திரும்பிய பிறகு திரும்புவதை, ஆங்கிலத்தில் ‘லேகிங் இண்டிகேட்டர்’ (lagging indicator) என்பதை, ‘பின்தங்கிய குறியீடு’ என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். ஏதோ அதற்கும் இட ஒதுக்கீடு கேட்க வேண்டும்போல! அகராதியில் முதலில் கண்ட அர்த்தத்தை எடுத்து ஒட்டும் பழக்கம் இது. வாக்கியத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் அவர்களுக்கே சிரிப்பு வந்திருக்கும். வேலையின்மை விகிதம் ஓரிடத்திலும் பின்தங்கவில்லை, மந்தம் முடிந்த பிறகும் சில மாதம் ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அதைப் ‘பின்னறிகுறி’ என்று எழுதிவிடலாம். பொருளாதாரத்தோடு கூடவே நடப்பதற்கு ‘உடன்குறி’ என்று வைத்திருக்கிறேன்; அதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.