இலை நுனியைப் பாருங்கள்

சதுரகிரி அடிவாரத்தை ஒட்டிய ஊரில் பொதுமருத்துவம் பார்க்கிறேன். அமாவாசை, பௌர்ணமி முடிந்தால் மலையேறி வந்தவர்கள் வரிசையாக வருவார்கள். சுளுக்கு, நீர்ச்சத்துக் குறைவு, முழங்கால் வலி, இவைதாம் அதிகம். செடியின் நஞ்சால் வருபவர்கள் குறைவு. ஆனால் வந்தால், அன்றிரவு எனக்கும் தூக்கம் இருக்காது.

மூலிகை மலை என்ற பெயரே இங்கே பாதி வினை. இலையெல்லாம் மருந்து என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் ஏறுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரை விடியற்காலையில் அழைத்து வந்தார்கள். ஓயாத வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு. முந்தைய நாள் இறங்கும்போது வேலியோரம் மண் சரிந்து வெளியே தெரிந்த கிழங்கை, வள்ளிக்கிழங்கு என்று எடுத்து வந்து அவித்துச் சாப்பிட்டிருக்கிறார். “வேகவைத்துத்தானே டாக்டர் சாப்பிட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய மனைவி மிச்சத்தைத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். திறந்து பார்த்தேன். கலப்பை போல இரண்டாகப் பிரிந்து வளைந்த கிழங்கு. செங்காந்தள்.

நம் மாநில மலர்தான். ஊரில் கண்வலிக்கிழங்கு என்பார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஒரு நம்பிக்கை. பூ ஒன்றும் செய்யாது, தாராளமாகப் பாருங்கள். வாய்க்குள் போனால்தான் ஆபத்து. இதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் அழிவதில்லை. முறிவு மருந்தும் கிடையாது. இதைவிடக் கொடுமை, முதல் நாள் வாந்தி அடங்கியதும் ஆள் தேறிவிட்டதுபோலத் தெரியும். வீட்டுக்குப் போகிறேன் என்பார்கள். அடுத்த சில நாட்களில்தான் இரத்த அணுக்கள் சரியும், சிறுநீரகம் தளரும். இவருக்கும் மூன்றாம் நாள் வெள்ளணுக்கள் இறங்கின. பிழைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, பிறகு முளைத்துவிட்டது.

பூ இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். பூக்காத நாட்களில் இலையைப் பாருங்கள். செங்காந்தள் இலை ஈட்டிபோல நீண்டு, நுனி மெலிந்து, சுருள் கம்பியாகி அடுத்த செடியைப் பற்றிக்கொள்ளும். வள்ளிக்கு அந்தச் சுருள் கிடையாது. அதன் தண்டேதான் சுற்றி ஏறும். பெரும்பாலான வள்ளி இலைகள் இதய வடிவம், காம்பருகிலிருந்தே பல நரம்புகள் விரியும். தலைமுறைகளாக வள்ளி தோண்டும் பளியர் பழங்குடியினர் கொடியைப் பிடித்துக்கொண்டுதான் கிழங்குக்குப் போவார்கள். கொடி காய்ந்துபோன வெறுங்கிழங்கை வைத்துப் பெயர் சொல்ல முயல்வது சூதாட்டம். செல்பேசிச் செயலி சொல்லும் பெயரும் எனக்கு அப்படித்தான். ரசிக்க அது போதும், சமைக்கப் போதாது.

குன்றிமணியைக் குழந்தைகள் பொறுக்குவார்கள். தோல் கெட்டி என்பதால் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றுவிட்டால்தான் உள்ளிருக்கும் அப்ரின் என்ற நஞ்சு வேலையைக் காட்டும். எதுவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

காஞ்சொறிச் செடி பட்டால் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க அதன் சுணை, அந்த அரிக்கும் முடிகள், இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி உரித்தால் பெரும்பகுதி வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். சேராங்கொட்டை மரத்தின் பால் வேறு கதை: பட்டவுடன் ஒன்றும் தெரியாது, மறுநாள் கொப்புளமாக எழும்பும். எங்கே, எப்போது பட்டது என்பதே பலருக்கு நினைவிருக்காது.

செடி எதையாவது தின்றுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்தோ, தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தின்றதில் மிச்சம் இருந்தால் இலை, காய், கிழங்கு என்று எதுவானாலும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். அன்று அந்தத் தூக்குச்சட்டி வந்திராவிட்டால், நானும் கெட்டுப்போன சாப்பாடு என்று குளுக்கோஸ் ஏற்றி, மாலையில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.