ஒயின் புட்டிக்குள் அணுகுண்டின் தேதி

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘2018 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரே ஒரு ஒயின் புட்டி 5,58,000 டாலருக்கு ஏலம் போனதாகப் படித்தேன். நம் பணத்தில் ஏறத்தாழ நான்கு கோடி. திறந்து ருசி பார்த்தால் போட்ட முதல் போய்விடும். திறக்காமல், உள்ளே இருப்பது அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்?’

பெரும்பாலும் விற்பவரை நம்பித்தான் வாங்குகிறார்கள். வாசகர் குறிப்பிடுவது பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் விளைந்த ரொமானே-கோந்தி, 1945. அந்த ஆண்டு 600 புட்டிகள்தான் தேறின. அறுவடை முடிந்ததும் கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். புதுக் கொடிகளிலிருந்து ஒயின் வந்தது 1952-இல்தான். கிடைக்காத பொருளுக்கு விலை ஏறுவதைச் சொல்லவா வேண்டும்?

பழைய ஒயினின் வேதியியல் பலரும் அறிந்ததே. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள, துவர்ப்பு தரும் டானின், கார்க் வழியே கசியும் சிறிதளவு ஆக்சிஜனின் துணையோடு ஒன்றுடன் ஒன்று கோத்துக்கொண்டு, கடைசியில் வண்டலாக அடியில் படிகிறது. துவர்ப்பு தணிகிறது, மணம் மாறுகிறது. எல்லா ஒயினுக்கும் இந்த யோகம் இல்லை. கடையில் விற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியவை. தாங்கும் சில வகைகளைத்தான் முதலீடாக வாங்கிக் கிடங்கில் அடுக்குகிறார்கள். அவற்றுக்கென்றே லண்டனில் 2000-ஆம் ஆண்டு முதல் லிவ்-எக்ஸ் என்ற சந்தை நடக்கிறது. பங்குகளைப் போலவே குறியீட்டெண்ணும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை, யாரோ ஒருவர் ஆசைப்பட்டுத் தம் புட்டியைத் திறந்து குடித்தால், மற்றவர்களின் புட்டிக்கு மதிப்பு கூடும்.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்துக்குப் போலி வராமல் இருக்குமா? அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்பவர் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழைய புட்டிகளில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்றார். 2008-இல் அவர் ஏலத்துக்கு அனுப்பிய புட்டிகளில் பர்கண்டியின் ஒயின் தயாரிப்பாளர்களான போன்சோ குடும்பத்தின் குளோ சான் தெனி தோட்டத்து ஒயினும் இருந்தது. லேபிளில் 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகள். அந்தக் குடும்பத்தின் லோரான் போன்சோ பிரான்சிலிருந்து விமானம் ஏறி வந்து ஏலத்தை நிறுத்தினார். அந்தத் தோட்டத்து ஒயினை அவர் குடும்பம் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான். 2014-இல் குர்னியவானுக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இப்படி லேபிளிலேயே மாட்டிக்கொள்ளாத கெட்டிக்காரப் போலியை என்ன செய்வது? அங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இயற்பியல் வருகிறது.

1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடிப்பதற்கு முன், சீசியம் என்ற உலோகத்தின் கதிரியக்க வகையான சீசியம்-137 ஐசோடோப், அளக்கும் அளவுக்குச் சுற்றுச்சூழலில் எங்கும் கிடையாது. யுரேனியமோ புளூட்டோனியமோ பிளக்கும்போது பிறப்பது அது. 1950-களில் வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு வெட்டவெளியில் குண்டுகளை வெடித்தபோது அது வளிமண்டலத்தின் மேலடுக்குக்கு ஏறி, உலகம் முழுவதும் பரவி, மழையோடு இறங்கியது. 1963-இல் மூன்று அரசுகள் வெட்டவெளிச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்குச் சற்று முன்னும் பின்னும்தான் இப்படி வானிலிருந்து இறங்கும் வீழ்படிவு உச்சத்தில் இருந்தது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்து மட்டும் ஒரு சிறு மேடு எழுப்பியது.

இது திராட்சைக்குள் எப்படிப் போகிறது? தனிம அட்டவணையில் பொட்டாசியத்துக்கு நேர் கீழே, ருபிடியத்தைத் தாண்டி, சீசியம் இருக்கிறது. ஒரே குடும்பம், ஒரே குணம். பொட்டாசியம் இல்லாமல் செடிக்கு ஆகாது. ஆனால் அதற்கென்று வைத்திருக்கும் வாசலில் சீசியம் வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் உள்ளே விட்டுவிடுகிறது. இலையில் விழும் மழைநீரிலிருந்தே சீசியம் உள்ளே புகுந்து பழத்துக்கு நகர்ந்துவிடும்.

மண்ணில் விழுவதன் கதை வேறு. களிமண்ணில் உள்ள இல்லைட் போன்ற கனிமங்களின் அடுக்குகளுக்கு இடையே சீசியம் அயனி கச்சிதமாகச் செருகிக்கொள்கிறது. செருகியதை வேர் எளிதில் இழுக்க முடியாது. சீசியத்தை வைத்து ஒயினின் வயதைக் கணிக்கும் முறை செல்லுபடியாவதே இந்த ஒரு காரணத்தால்தான். மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் பழைய சீசியத்தைக் கொடி தாராளமாக உறிஞ்சினால் எல்லா ஆண்டுகளும் கலங்கிப்போயிருக்கும். அப்படி உறிஞ்சாததால், 1963-இன் ஒயினில் 1963-இன் வானம் இருக்கிறது, 1975-இன் ஒயினில் 1975-இன் வானம். தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பது போல ஆண்டுக்கு ஒன்றாகப் புட்டியில் அடைத்து, கார்க் வைத்து மூடியிருக்கிறார்கள், தெரியாமலே.

உள்ளே அடைபட்ட சீசியம் ஆவியாகாது, வேதிவினையால் அழியாது. சிதைய மட்டும் செய்யும். பாதி சிதைய ஆகும் காலம், அதாவது அரை ஆயுள், 30 ஆண்டுகள். 1963-இல் இருந்ததில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இன்றும் மிச்சம். சிதையும்போது வெளிவரும் காமா கதிருக்கு 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற குறிப்பிட்ட ஆற்றல் உண்டு. அந்த ஆற்றலுக்குப் புட்டியின் கண்ணாடி ஒரு தடையே அல்ல. புட்டியை உணர்கருவியின் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தால் போதும்.

காத்திருப்பதுதான் கடினம். ஒயினில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் பொட்டாசியம் உண்டு. அதிலுள்ள இயற்கையான பொட்டாசியம்-40 நொடிக்குச் சுமார் 30 முறை சிதைகிறது. சீசியத்தின் சிதைவு அதைவிட மிக மிகக் குறைவு. (கதிரியக்கம் என்றதும் பதறுகிறவர்கள் கவனிக்க: நம் உடம்பிலும் இதே பொட்டாசியம்-40 நொடிக்கு ஆயிரக்கணக்கில் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது.) சுவர், காற்று, வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில் இந்த முனகலைக் கேட்க வேண்டும்.

அதற்கான காது, ஒயினுக்காகச் செய்யப்பட்டதல்ல. பிரான்சின் பொர்தோ நகரைச் சேர்ந்த இயற்பியலாளர் பிலிப் யுபேர், எதோடும் அதிகம் மோதாமல் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய்பவர். ஆல்ப்ஸ் மலையில், ஃபிரேஜு சுரங்கப்பாதையின் நடுவே, தலைக்கு மேல் 1,700 மீட்டர் பாறை இருக்கும் மோதான் ஆய்வகத்தில் அவர் வேலை செய்தார். ஜெர்மானியம் உணர்கருவியைச் சுற்றி ஈயக் கவசம் வேண்டும். ஆனால் புதிதாக எடுத்த ஈயத்தில் ஈயம்-210 இருக்கும், அதுவும் கதிரியக்கம் உள்ளதே. அதன் அரை ஆயுள் 22 ஆண்டுகள் என்பதால் மிகப் பழைய ஈயத்தில் அது தீர்ந்துபோயிருக்கும். ஆகவே கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈயத்தைத் தேடிப் பிடித்தார்கள்! நியூட்ரினோவுக்காகப் பட்ட இந்தப் பாட்டையெல்லாம் யுபேர் பிற்பாடு ஒயினுக்குத் திருப்பினார்.

நம் ஊரில் தேனி மாவட்டம் பொட்டிபுரத்து நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் பற்றிப் பேச்செடுத்தாலே ‘இதனால் யாருக்கு என்ன பயன்?’ என்கிறார்கள். காடு, மலை, நீர் பற்றிய கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு அரசு பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ‘பயன் என்ன’ என்பது எனக்குச் சோம்பேறிக் கேள்வியாகப் படுகிறது. வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் கண்டறிந்தவர்களில் 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்தவர்களும் உண்டு. அந்த இடத்திலிருந்து நாம் ஏன் இவ்வளவு பின்தங்கினோம் என்று கேட்கலாமே.

சீசியம் முறைக்கு எல்லை உண்டு. 1900 என்று எழுதிய புட்டியில் சீசியம் தெரிந்தால் அது போலி, மறுபேச்சில்லை. சீசியம் தெரியாவிட்டால், உள்ளே இருப்பது குண்டுக் காலத்துக்கு முந்தையதாக இருக்கலாம், சீசியம் மிகக் குறைந்துபோன அண்மைக்கால ஒயினாகவும் இருக்கலாம். அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுடையது என்று சொல்லப்பட்ட 18-ஆம் நூற்றாண்டுப் புட்டிகளில் ஒன்று 1985-இல் லண்டனில் 1,05,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அதே தொகுப்பிலிருந்து நான்கு புட்டிகளை வாங்கிய அமெரிக்கக் கோடீஸ்வரர் பில் கோக் பின்னாளில் ஒன்றை யுபேரிடம் கொண்டுவந்தார். சீசியம் இல்லை. கோக் விடவில்லை, புட்டியில் பொறித்திருந்த ‘தா.ஜெ.’ எழுத்துகளை வல்லுநர்களிடம் காட்டினார். மின்சாரத்தில் சுழலும் கருவியால் செதுக்கியவை அவை என்றார்கள். ஜெஃபர்சன் காலத்தில் ஏது மின்சாரம்?

2018-இல் இதே பொர்தோ குழு கலிபோர்னிய ஒயின்களில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின் சுவடு உண்டா என்று தேடியது. மூடிய புட்டியில் எதுவும் தெரியவில்லை. ஒயினைக் கொதிக்கவைத்துச் சாம்பலாக்கி அளந்தபோது, விபத்து நடந்த 2011-க்குப் பிந்தைய கேபர்னே என்ற சிவப்பு ஒயினில் சீசியம் ஏறத்தாழ இரு மடங்கு. உடம்புக்குக் கெடுதல் செய்யும் அளவில்லை. ஆனால் அண்மைக்கால ஒயினின் வயதைக் கேட்க வேண்டுமென்றால் அதை எரித்தாக வேண்டியிருக்கிறது.